ரெவிட்டுக்குச் சொந்தமாகச் செருகுநிரல் எழுத எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. ரெவிட் (கட்டடத்தின் முப்பரிமாண மாடலை உருவாக்கும் மென்பொருள்) நன்றாகத் தெரியும், பைத்தான் ஓரளவு தெரியும். கதவுகளுக்கு எண் போடுவது, ஷீட்டுகளின் பெயரை மாற்றுவது போன்ற ஒரே மாதிரி வேலைகள் நேரத்தை விழுங்குகின்றன. இவற்றுக்குச் சொந்தமாகச் செருகுநிரல் எழுத முடியுமா? சி ஷார்ப் என்ற நிரல்மொழியைக் கற்றே ஆக வேண்டுமா? ரெவிட்டோடு வரும் டைனமோ போதாதா?

முடியும். சி ஷார்ப் உடனே வேண்டாம். டைனமோ போதுமா என்பது, நீங்கள் எழுதியதை யார் ஓட்டப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நீங்களே ஓட்டிக்கொள்வதாக இருந்தால் தாராளமாகப் போதும். பக்கத்து மேசைக்காரர் நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளிலும் ஓட்ட வேண்டும் என்றால் கதை வேறு. உள்ளீடு தவறினால் என்ன ஆகும், பாதியில் நின்றால் மாடல் என்ன ஆகும், அடுத்த ஆண்டுப் பதிப்பில் ஓடுமா என்ற கேள்விகளெல்லாம் அப்போதுதான் வந்து நிற்கும். நிரல் எழுதும் உழைப்பில் பெரும்பகுதி இந்தக் கேள்விகளுக்குத்தான் போகும்.

முதலில் கருவிகள். டைனமோ ரெவிட்டோடு சேர்ந்தே வருகிறது. முனைகளைக் கம்பிகளால் இணைத்து வேலையைச் சொல்லலாம். யோசனையைச் சோதித்துப் பார்க்க அருமையானது. ஆனால் முனைகள் நூறைத் தாண்டினால், எழுதியவருக்கே ஒரு மாதம் கழித்துப் புரியாது. அடுத்த படி பைரெவிட். இலவசம், திறந்த மூலம். குறிப்பிட்ட பின்னொட்டுகளோடு கோப்புறைகளை அமைத்து, உள்ளே ஒரு பைத்தான் கோப்பை வைத்தால் போதும், ரெவிட்டின் ரிப்பனில் பொத்தான் வந்துவிடும். தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டியதில்லை, கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினால் புதிய நிரல் ஓடும். ஒரு எச்சரிக்கை: நீண்ட காலமாக அதன் இயல்பான எஞ்சின் (நிரலை ஓட்டும் பகுதி) ஐயர்ன்பைத்தான் 2.7, அதாவது பழைய பைத்தான் 2.7-ஐ ஒட்டியது. இன்றைய பைத்தானில் பழகியவருக்கு எஃப்-ஸ்ட்ரிங் இல்லாதது முதல் நாளே உறுத்தும். நம்பை, பாண்டாஸ் போன்ற நூலகங்களும் அதில் ஓடாது. வேறு எஞ்சின்களைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் எந்த எஞ்சினில் ஓடுகிறோம் என்று தெரிந்து எழுதுங்கள்.

மூன்றாவது, முறையான சி ஷார்ப் செருகுநிரல். இங்கே ஒரு ஆறுதல். டைனமோவாகட்டும், பைரெவிட்டாகட்டும், சி ஷார்ப்பாகட்டும், அடியில் பேசுவது ஒரே ரெவிட் ஏபிஐயோடுதான் (வெளி நிரல்கள் ரெவிட்டோடு பேசும் வாசல்). பைத்தானில் கற்ற வகுப்புப் பெயர்களும் முறைகளும் அப்படியே சி ஷார்ப்புக்கு வரும். அதனால் உங்களுக்கு என் பரிந்துரை பைரெவிட்டில் தொடங்குவது. வேகமும் விநியோகமும் பிரச்சினையாகும் நாளில் சி ஷார்ப்புக்கு மாறலாம். ஒன்றை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்: அலுவலகத்தில் இருப்பது ரெவிட் எல்டி என்றால் இந்த வழிகள் எதுவும் திறக்காது, அதில் ஏபிஐ கிடையாது.

மொழியைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. திரையில் சுவராகவும் கதவாகவும் பார்த்துப் பழகியதை ஒரு தரவுத்தளமாகப் பார்க்கப் பழக வேண்டும். ரெவிட்டில் சுவர் ஒரு எலிமென்ட் (தரவுத்தளத்தின் ஒரு பதிவு), அதன் வகை ஒரு எலிமென்ட், லெவல் ஒரு எலிமென்ட், ஷீட்டும் ஒரு எலிமென்ட்தான். எல்லாவற்றுக்கும் ஒரு அடையாள எண், ஒன்றையொன்று சுட்டும் தொடர்புகள், பாராமீட்டர்கள் (உயரம், எண் போன்ற மதிப்புகள்). இதைக் கண்ணால் பார்க்க ரெவிட்லுக்அப் என்ற இலவசக் கருவியை நிறுவுங்கள். ஒரு கதவைத் தேர்ந்தெடுத்து அதைத் திறந்தால், அந்தக் கதவைப் பற்றி ஏபிஐக்குத் தெரிந்ததெல்லாம் பட்டியலாக விரியும். எந்தப் பாடத்தைவிடவும் இது வேகமாகக் கற்றுத்தரும் என்பது என் கருத்து.

சரி, நீங்கள் சொன்ன கதவு எண்ணையே எடுத்துக்கொள்வோம். விதி எளிது: கதவு எந்த அறைக்குள் போகிறதோ அந்த அறையின் எண்ணே கதவின் மார்க் (கதவின் எண் எழுதப்படும் பாராமீட்டர்). ஒரே அறைக்கு இரண்டு கதவு இருந்தால் பின்னால் ஒரு எழுத்து.

முதல் வேலை கதவுகளைத் திரட்டுவது. அதற்கு ஃபில்டர்டு எலிமென்ட் கலெக்டர் என்ற வகுப்பு இருக்கிறது. அதில் வடிகட்டிகள் இரண்டு சாதி. கேட்டகரி (கதவு, சுவர் போன்ற பிரிவு), வகுப்பு போன்றவற்றால் வடிகட்டுவது விரைவு வடிகட்டி. எலிமென்ட்டை முழுதாக நினைவகத்துக்குக் கொண்டுவராமல் மேலோட்டமான பதிவை மட்டும் பார்த்து முடிவு செய்யும். பாராமீட்டர் மதிப்பால் வடிகட்டுவது மெதுவானது. ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தாக வேண்டும். எனவே முதலில் ‘கதவு’ என்று சுருக்கிவிட்டு, அப்புறம் மற்ற நிபந்தனைகளுக்குப் போங்கள். சிறிய மாடலில் வித்தியாசம் தெரியாது. மருத்துவமனை அளவுள்ள மாடலில் பயனர் கண் முன்னே தெரியும்.

திரட்டியதும் பட்டியலை ஒருமுறை கண்ணால் பாருங்கள். நீங்கள் எதிர்பார்க்காத சில அதில் இருக்கும். கதவு வகைகளே எலிமென்ட்டுகள் என்பதால் அவையும் வரும். ‘வகை அல்லாதவை மட்டும்’ என்று சொல்ல வேண்டும். வேறு டிசைன் ஆப்ஷன்களில் (மாற்று வடிவமைப்புகளில்) இருக்கும் கதவுகளும் வரும். ஒரு கதவு ஃபேமிலிக்குள் (கதவின் வார்ப்புருவுக்குள்) இன்னொரு கதவைப் பகிர்வு முறையில் பொதித்திருந்தால் உள்ளே இருப்பது தனிக் கதவாக எண்ணப்படும். அதற்குத் தாய் எலிமென்ட் உண்டா என்று கேட்டு விலக்க வேண்டும். திரையில் 40 கதவு இருக்கும்போது பட்டியல் 52 என்று சொன்னால் ஏபிஐயைத் திட்ட வேண்டாம், இந்த மூன்றையும் பாருங்கள்.

அடுத்து அறை. கதவின் ஃபேமிலி இன்ஸ்டன்ஸிடம் (மாடலில் வைத்த அந்த ஒரு கதவிடம்) ‘எந்த அறைக்கு’, ‘எந்த அறையிலிருந்து’ என்று இரண்டு பண்புகள் இருக்கின்றன. வெளிக்கதவுக்கு இவற்றில் ஒன்று காலியாக இருக்கும். அதைச் சரிபார்க்காமல் அறை எண்ணைக் கேட்டால் நிரல் அங்கேயே விழும். அப்புறம் கட்ட நிலை (ஃபேஸ்). பழைய கட்டடத்தை மாற்றியமைக்கும் திட்டமாக இருந்தால் அறைகள் கட்டம் வாரியாக வேறுபடும். கட்டத்தைச் சொல்லாமல் கேட்டால் திட்டத்தின் கடைசிக் கட்டத்தை வைத்துப் பதில் வரும், அது உங்களுக்குத் தேவையான கட்டமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கட்டத்தைச் சொல்லியே கேளுங்கள்.

அறைகள் வேறொரு லிங்க் கோப்பில் (உங்கள் மாடலோடு இணைத்த வேறு மாடலில்) இருந்தால் இந்தப் பண்புகள் உதவாது. மின்விளக்குகளுக்கு அறை எண் எழுதச் சொன்னால் இதுதான் வழக்கமான நிலைமை; விளக்கு ஒரு கோப்பில், அறை கட்டடக் கலைஞரின் கோப்பில். அப்போது லிங்கின் ஆவணத்தைத் தனியாகப் பெற்று, விளக்கின் புள்ளியை அந்த லிங்கின் உருமாற்றத்துக்கு (அது எங்கே நகர்த்தி, திருப்பி வைக்கப்பட்டது என்ற கணக்குக்கு) நேர்மாறால் நகர்த்தி, அந்தப் புள்ளி எந்த அறைக்குள் விழுகிறது என்று கேட்க வேண்டும். நேர்மாற்ற மறந்தால், லிங்க் நகர்த்தப்படாத மாடலில் எல்லாம் சரியாக வரும், நகர்த்தப்பட்ட மாடலில் மட்டும் தவறும். வெளியே தெரியாமல் நீண்ட நாள் ஒளிந்திருக்கும் பிழை இது.

எழுதும் நேரம் வரும்போது டிரான்சாக்‌ஷன். மாற்றங்களை ஒரே தொகுதியாகக் கட்டும் உறை இது. மாடலில் எதை மாற்றினாலும் அது ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் விதிவிலக்குப் பிழைதான். அதற்கு நீங்கள் வைக்கும் பெயர் பயனரின் ‘அன்டூ’ பட்டியலில் அப்படியே தெரியும், ஆகவே ‘டெஸ்ட் 1’ என்று வைக்காதீர்கள். புதியவர்கள் அடிக்கடி செய்வது, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு டிரான்சாக்‌ஷன் திறந்து மூடுவது. ஒவ்வொரு மூடலிலும் ரெவிட் மாடலை மறுபடி கணக்கிடும், வேலை நகராது. எல்லாக் கதவுக்கும் சேர்த்து ஒன்றே போதும். பல படிகள் தேவைப்பட்டால் அவற்றை டிரான்சாக்‌ஷன் குரூப்புக்குள் போட்டு ஒன்றாக்கிவிடலாம். பயனர் ஒரே அன்டூவில் திரும்பிப் போக முடியும். பிழை நேர்ந்தால் முழுவதையும் திரும்பப் பெறுங்கள். பாதிக் கதவுக்குப் புதிய எண், பாதிக்குப் பழைய எண் என்று விடுவதைவிட எதுவும் செய்யாமல் இருப்பது மேல்.

மார்க் பாராமீட்டரை அதன் திரைப் பெயரால் தேடவேண்டாம். ரெவிட் பல மொழிகளில் வருகிறது; ஜெர்மன் பதிப்பில் அந்தப் பெயர் வேறு. உள்ளமைந்த பாராமீட்டர்களுக்கு மொழி சாராத எனம் மதிப்புகள் (நிரலுக்கான நிலையான பெயர்கள்) இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். அலுவலகமே உருவாக்கிய பாராமீட்டர் என்றால் பகிர்வுப் பாராமீட்டராக ஆக்கி அதன் ஜியுஐடியால் (வேறெதற்கும் இல்லாத அடையாளக் குறியால்) தேடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பாராமீட்டர் ஒரே எலிமென்ட்டில் இருப்பது ரெவிட்டில் சாத்தியம். பெயரால் தேடினால் எது கையில் வரும் என்று உறுதியில்லை.

இரண்டு கதவுக்கு ஒரே மார்க் விழுந்தால் ரெவிட் எச்சரிக்கை தரும். அதைப் பார்த்துப் பயந்து, எல்லா எச்சரிக்கையையும் விழுங்கிவிடும் நிரலைச் சிலர் எழுதுகிறார்கள். வேண்டாம். எந்த எச்சரிக்கை என்று அடையாளம் கண்டு அதை மட்டும் கையாளுங்கள். மற்றவை பயனருக்குத் தெரிய வேண்டியவை. பகிர்ந்து வேலைசெய்யும் மாடலில் இன்னொன்றும் உண்டு: ஒரு கதவு இப்போது சக ஊழியரின் பிடியில் இருக்கலாம், அதை உங்களால் மாற்ற முடியாது. மாற்றுவதற்கு முன்பே உரிமை நிலையைக் கேட்டு, முடியாதவற்றைத் தனிப் பட்டியலாகக் கடைசியில் காட்டினால் பயனர் உங்களை வாழ்த்துவார்.

கதவு எண் வெறும் எழுத்துச் சரம் என்பதால் அலகுப் பிரச்சினை இதில் வரவில்லை. நீளம் சம்பந்தப்பட்ட முதல் நிரலில் வந்துவிடும். திரையில் மில்லிமீட்டர் காட்டினாலும் ரெவிட் உள்ளே நீளத்தை அடிக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. பரப்பு சதுர அடி, கோணம் ரேடியன். சுவரின் உயரம் 3000 என்று கொடுத்தால் 3000 அடி, அதாவது 914 மீட்டர் உயரச் சுவர் எழும்பும். 304.8-ஆல் வகுத்துவிட்டால் நீளத்துக்குச் சரியாகிவிடும்தான், ஆனால் ஏபிஐயிலேயே அலகு மாற்றும் முறைகள் இருக்கின்றன, அவற்றையே பயன்படுத்துங்கள். மதிப்புகள் தசம எண்கள் என்பதால் இரண்டு நீளங்கள் ‘சமமா’ என்று நேரடியாகக் கேட்கக் கூடாது; ஒரு சகிப்பு வைத்து ஒப்பிட வேண்டும். ரெவிட்டும் அப்படித்தான் நடந்துகொள்கிறது: சுமார் 0.8 மில்லிமீட்டரைவிடக் குட்டையான கோட்டை உருவாக்கச் சொன்னால் மறுத்துவிடும். கேட் (CAD) வரைபடக் கோப்பிலிருந்து வடிவங்களைப் படித்துச் சுவர் எழுப்பும் நிரல்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுக்கி விழுகின்றன.

இடைமுகம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏபிஐ ஒற்றை இழையில் (ஒரு நேரத்தில் ஒரே வேலையாக) இயங்குவது. ரெவிட் உங்களை அழைக்கும்போது மட்டுமே நீங்கள் மாடலைத் தொடலாம். பொத்தானை அழுத்தி, பெட்டி திறந்து, மூடும்வரை பயனர் காத்திருக்கும் வகை என்றால் சிக்கல் இல்லை. பெட்டி திறந்தே இருக்க, பயனர் மாடலிலும் வேலை செய்ய வேண்டும் என்றால் உங்கள் பெட்டியின் பொத்தானிலிருந்து நேராக மாடலை மாற்ற முடியாது. எக்ஸ்டர்னல் ஈவென்ட் என்ற வழியில் ‘நேரம் கிடைக்கும்போது இதைச் செய்’ என்று ரெவிட்டிடம் விண்ணப்பம் போட்டு வைக்க வேண்டும். வேகமாகட்டும் என்று பின்னணி இழைகளில் ஏபிஐயை அழைப்பது ரெவிட்டையே சாய்த்துவிடும். கனமான கணக்கு உண்டென்றால் தேவையான தரவை முதலில் எடுத்துக்கொண்டு, கணக்கை மட்டும் வேறு இழையில் செய்யுங்கள்.

இனி, சி ஷார்ப்புக்கு மாறும்போது காத்திருக்கும் தலைவலி: பதிப்புகள். ஒரு செருகுநிரல் என்பது அடிப்படையில் இரண்டு கோப்பு. தொகுத்த நிரல் கோப்பான டிஎல்எல் ஒன்று. அது எங்கே இருக்கிறது, எந்த வகுப்பை அழைக்க வேண்டும் என்று சொல்லும் சிறிய எக்ஸ்எம்எல் ஒன்று. இந்த இரண்டாவது கோப்பை ஆண்டுவாரியான ஆட்இன்ஸ் கோப்புறையில் போட வேண்டும். ஆண்டுவாரி என்பதைக் கவனியுங்கள். ரெவிட் ஒவ்வோர் ஆண்டும் புதிய பதிப்பு விடுகிறது. புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழையதில் திறக்க முடியாது. அதனால் ஒவ்வொரு திட்டமும் தொடங்கிய பதிப்பிலேயே தங்கிவிடுகிறது. ஒரே அலுவலகத்தில் மூன்று நான்கு பதிப்புகள் ஒரே நேரத்தில் ஓடும். உங்கள் செருகுநிரலும் அத்தனையிலும் ஓட வேண்டும்.

பதிப்புக்குப் பதிப்பு ஏபிஐயும் மாறுகிறது. 2021-இல் அலகுகளைக் குறிக்கும் முறையே மாறியது, பழைய எனம் அடுத்த பதிப்பில் நீக்கப்பட்டது. 2022-இல் தளம் (ஃபுளோர்) உருவாக்கும் முறை மாறியது. 2024-இல் எலிமென்ட் அடையாள எண் 32 பிட்டிலிருந்து 64 பிட்டானது. அதை முழு எண்ணாக வாங்கி வெளித் தரவுத்தளத்தில் போட்டுவைத்தவர்கள் நிரலைத் திருத்த வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரியது 2025: அதுவரை டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8-இல் (சி ஷார்ப் நிரல்கள் ஓடும் மைக்ரோசாஃப்ட் தளம்) இருந்த ரெவிட் டாட்நெட் 8-க்கு நகர்ந்தது. 2024-க்கும் 2025-க்கும் சேர்த்து எழுத வேண்டும் என்றால் ஒரே புராஜெக்டில் இரண்டு இலக்குகளை வைத்துத் தனித்தனியாகத் தொகுக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே அப்படி அமைத்தால் வலி குறைவு.

செயற்கை நுண்ணறிவிடம் நிரல் கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வலையில் கிடக்கும் எடுத்துக்காட்டுகளில் பல பழைய பதிப்புகளுக்கானவை, ஆகவே நீக்கப்பட்ட முறைகளையும் சில சமயம் இல்லவே இல்லாத முறைகளையும் அது நம்பிக்கையோடு எழுதித் தரும். ரெவிட்டின் எஸ்டிகேயோடு (நிரல் எழுதுவோருக்கான துணைத் தொகுப்போடு) வரும் உதவிக் கோப்பில் ஒவ்வொரு முறையும் எந்தப் பதிப்பில் வந்தது என்று இருக்கும். சந்தேகம் வந்தால் அதைத் திறந்து பார்ப்பதுதான் வழி.

டிஎல்எல் மோதல் இன்னொரு தொல்லை. எல்லாச் செருகுநிரல்களும் ரெவிட்டின் ஒரே புராசஸுக்குள் ஓடுகின்றன. உங்களுடையது ஜேசான் நூலகத்தின் ஒரு பதிப்பைக் கேட்கும், முன்பே ஏறிய வேறொன்று இன்னொரு பதிப்பைக் கொண்டுவந்திருக்கும். உங்கள் கணினியில் ஓடியது இன்னொருவர் கணினியில் விழுவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. வெளி நூலகங்களை எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. ரெவிட்டின் சொந்த ஏபிஐ டிஎல்எல்களை உங்கள் கோப்புறைக்கு நகலெடுக்காதபடி அமைப்பில் மறக்காமல் அணைத்து வையுங்கள்.

சோதனைக்கு ரெவிட் திறந்திருக்க வேண்டும் என்பதால் தானியங்கிச் சோதனை எழுதுவது கடினம். ஆகவே ‘அறை எண் 101, கதவு மூன்று, என்ன பெயர்கள் வர வேண்டும்’ போன்ற தர்க்கத்தை ரெவிட் வகுப்புகள் எதையும் தொடாத தனி நிரலாக்கிவிடுங்கள். அதை ரெவிட் இல்லாமலே நொடியில் சோதிக்கலாம். மிஞ்சுவது படிப்பதும் எழுதுவதும் மட்டும். அதை ஒரு சிறிய மாதிரிக் கோப்பில் கையால் சோதித்தால் போதும். அந்த மாதிரிக் கோப்பில் வெளிக்கதவு, அறையில்லாத கதவு, பொதிந்த கதவு, இரண்டு கட்டங்கள் எல்லாம் வேண்டும்.

மற்ற மென்பொருள்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்க்கிகேடில் முழு அதிகாரமுள்ள செருகுநிரலுக்கு சி++ தேவை; பதிப்பு 24 முதல் பைத்தான் வழியும் உண்டு, ஆனால் அதன் எல்லை சிறிது. ஸ்கெட்ச்அப்புக்கு ரூபி, உள்ளே அளவு அங்குலத்தில். டெக்லாவுக்கு டாட்நெட். ஆட்டோகேடில் 1986-லிருந்து ஆட்டோலிஸ்ப் இருக்கிறது, இன்றும் சின்ன வேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. எந்த மென்பொருளையும் சாராமல் மாடலைப் படித்துச் சரிபார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் ஐஎஃப்சி கோப்பை (பல மென்பொருள்களுக்கும் பொதுவான மாடல் வடிவம்) எடுத்து ஐஎஃப்சி ஓப்பன்ஷெல் என்ற பைத்தான் நூலகத்தால் படியுங்கள். உரிமம் வேண்டாம், ரெவிட்டைத் திறக்கவே வேண்டாம். ‘தீத்தடுப்பு நேரம் எழுதாத கதவுகள் எவை’ போன்ற கேள்விகளுக்குச் செருகுநிரலைவிட இதுவே எனக்குப் பிடித்த வழி.

கடைசியாக விநியோகம். கையொப்பமிடாத டிஎல்எல்லை ரெவிட் முதல்முறை ஏற்றும்போது ‘நம்பலாமா’ என்று பயனரிடம் கேட்கும். சிலர் பயந்து ‘ஏற்ற வேண்டாம்’ அழுத்திவிட்டு, பொத்தான் வரவில்லை என்று உங்களிடம் வருவார்கள். அலுவலகத்துக்குள் மட்டும் என்றால் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் போதும்; வெளியே கொடுப்பதென்றால் கையொப்பச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். எப்படிக் கொடுத்தாலும் ஒரு பதிவுக் கோப்பு எழுதும் வசதியை முதல் நாளே சேருங்கள்: ரெவிட் பதிப்பு, செருகுநிரலின் பதிப்பு, எந்த மாடல், எந்தக் கதவின் எண்ணில் நின்றது. ‘ஓடவில்லை’ என்று மட்டும் சொல்லும் பயனரிடம் அந்தக் கோப்பை அனுப்பச் சொன்னால் போதும்.